மூன்றில் ஒரு பங்கு

முசல்லாபூர் சந்தில் எங்கள் அறைக்குச் சன்னல் இல்லை.
மூன்று பெண்கள், ஒரு மேசை விசிறி.
அது முகம் திருப்பும்போதெல்லாம்
சுவரில் ஒட்டிய மாதங்கள் படபடக்கும்.

பகலில் நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்கிறேன்.
இரவில் சிவ்தானி பாபுவின் அச்சகத்தில்
அதே நிகழ்வுகளைத் தட்டச்சு செய்கிறேன்,
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
பாட்னா முழுக்க நான் அடித்ததைத்தான் படிக்கிறது.
நானும்தான்.

ஜூலை இதழில் மூன்று தலைப்புகள்:
உள்கட்டமைப்பு, வனவிலங்கு, சுகாதாரம்.
மூன்றும் எங்கள் ஊர் என்றேன்.
சந்தா குமாரி சிரித்தாள்,
"உங்கள் ஊருக்குப் பேருந்தே கிடையாதே."

பேருந்து இல்லை. பாலம் உண்டு.
கண்டக் ஆற்றின் மேல், பைரோகாட்டில்,
தூண்கள் முப்பத்திரண்டு. நான்தான் அடித்தேன்.
திறந்த அன்று சித்தப்பா ரம்பால் சஹ்னி
படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்,
கடனை அடைக்காத படகு.
ஐந்தாம் மாதம், ஆறு புரண்ட இரவில்
மூன்று தூண்கள் மண்டியிட்டன.
காலையில் படகை நிமிர்த்தினார்.
பாலம் விழுந்ததில் சந்தோஷமா என்று கேட்காதீர்கள்,
அவரும் அந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தவர்.

"திருத்தம் போடலாமா?" என்று கேட்டேன்.
சிவ்தானி பாபு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:
"அறிவிப்பு வரட்டும் மகளே.
அதுவரை முப்பத்திரண்டு நிற்கிறது."

இரண்டாவது, தேசிய நீர்வாழ் உயிரினம்.
விடை (இ), கங்கை டால்பின்.
நாங்கள் சூன்ஸ் என்போம்,
மேலே வந்து அது விடும் மூச்சின் பெயர் அது.
கண் தெரியாது.
தூண் இறக்கிய நான்கு வருடமும்
அந்தப் பக்கம் ஒரு மூச்சும் கேட்கவில்லை.
இப்போது விழுந்த பலகைக்குப் பின்னால் சுழிக்கிறது நீர்,
சுழியில் மீன்,
மீனுக்குப் பின்னால் அவை இரண்டு.
இதற்கு எந்தத் தலைப்பு? வனவிலங்கா, உள்கட்டமைப்பா?

மூன்றாவது, காலா அசார். பரப்புவது மணல் ஈ.
ஒழிப்பு என்பதன் பொருள்:
ஒரு வட்டாரத்தில், ஓர் ஆண்டில்,
பத்தாயிரம் பேருக்கு ஒன்றுக்கும் கீழ்.
இதை அடிக்கும்போது மட்டும் விரல் தடுக்கியது.
ஒன்றுக்கும் கீழ் என்றால் அரை ஆளா, கால் ஆளா?
எங்கள் மண்சுவரில் மருந்தடித்த தேதி இருக்கிறது, நீல மையில்.
அதற்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தட்டுகிறாள்
அண்ணி ஃபுல்மதியா.
காய்ச்சல் போய் இரண்டு வருடம்,
கன்னத்தில் வெளிறிய திட்டுகள் போகவில்லை.
முக்காட்டைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்வாள்.
வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

தேர்வு ஹாஜிப்பூரில்.
அறுபத்தொன்றாம் கேள்வி:
பைரோகாட் பாலத்தின் தூண்கள் எத்தனை?
இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு.
இருபத்தொன்பது இல்லை.
படகிலிருந்து இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்,
ஒரு முறை மழையில்.
தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போகும்.
உண்மைக்கு எவ்வளவு போகும் என்று
வினாத்தாளின் பின்பக்கத்தில் போடவில்லை.
பேனா நின்றது.
சுவர்க் கடிகாரம் நிற்கவில்லை.
முப்பத்திரண்டின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன்,
வெள்ளை தெரியாமல், ஓரம் தாண்டாமல்,
சொல்லிக்கொடுத்தபடியே.

சாயங்காலம் துறையில் ஏறினேன். ஆளுக்கு இருபது ரூபாய்,
நான் சொந்தம் என்பதால் துடுப்பு போடவேண்டும்.
"என்ன கேட்டான்?" என்றார் சித்தப்பா.
"நம் பாலத்தைக் கேட்டான்."
"சரியாகச் சொன்னாயா?"
"மார்க் வரும்" என்றேன்.
அவர் திரும்பிப் பார்த்தார்.
கேட்க வாயெடுத்தபோது
வலப்பக்கம், பலகைக்கு அருகே,
தண்ணீர் பிளந்து ஒரு மூச்சு,
சூ...
இருவரும் துடுப்பைத் தூக்கிப் பிடித்தோம்,
அது கடக்கட்டும் என்று.