நான்கு புள்ளிகள்

மெக்காலிஸ்டர் சாலைப் பள்ளியின் மூன்றாம் மாடியில்
பத்தொன்பது பேர் குனிந்திருக்கிறோம்.
ஆளுக்கொரு சிவப்புப் பேனா,
கட்டுக்கு நாற்பது விடைத்தாள்.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
எண் மட்டும்.

எனக்கு ஆறாம் கேள்வி.
'கதையின் முடிவில் வெளிப்படும் உணர்வு யாது?
சான்றுடன் விளக்குக.'
விடைப்பட்டி சொல்கிறது:
சோகம், ஏக்கம், காத்திருப்பு.
ஏதேனும் ஒன்றுக்கு மூன்று. சான்றுக்கு ஒன்று.
ஆக, நான்கு புள்ளிகள்.

கதை ஒன்பதே பக்கம்.
லாரி ஓட்டப் போன கணவன் திரும்பவில்லை.
பூங்காவனம் மூன்று நாள் வாசலில் நிற்கிறாள்.
நான்காம் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறாள்.
கடைசி வரி:
அன்றிரவு அவள் விளக்கை அணைக்கவில்லை.

பதினோரு வருடமாக இந்த வரி வந்ததும்
குரலைத் தாழ்த்தியிருக்கிறேன்.
கொஞ்சம் மௌனம் விட்டு,
'பாருங்கள், இன்னும் காத்திருக்கிறாள்' என்பேன்.
பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்,
விளக்கு காத்திருப்பின் குறியீடு என்று.

பசியாறி வந்து
முப்பத்திரண்டு தாள் முடித்திருந்தேன்.
முப்பத்திரண்டிலும் பூங்காவனம் அழுதாள்.
ஒன்றில் தலையணை நனைய நனைய.
கதையில் அவள் அழவே இல்லை என்பது
அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.
சரி, சரி, சரி என்று
பேனா தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்து மூன்றாவது தாள்.
கோணல் எழுத்து.

'முடிவில் வெளிப்படும் உணர்வு நிம்மதி.
மூன்றாம் பக்கத்தில் புருசன்
விலக்கை அனை, எண்ணெய் சும்மாவா வருது
என்று கத்துகிரான்.
ஐந்தாம் பக்கத்திலும் கத்துகிரான்.
அவள் ஒவ்வொரு தடவையும் அனைத்தாள்.
இன்று அனைக்கவில்லை.
அவலுக்கு இருட்டு பிடிக்காது போல.'

ல, ள, ன, ண எல்லாம் இடம் மாறிக் கிடந்தன.
விளக்கு விலக்கு ஆகியிருந்தது.
அதையும் பிழை என்று சுழிக்க
ஏனோ கை வரவில்லை.

நூலைப் பிரித்தேன்.
மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி.
இருந்தது.
ஐந்தாம் பக்கத்திலும் இருந்தது.
என் பென்சில் கோடு அதற்கு அடுத்த வரியில்,
உவமை என்று ஓரத்தில் குறிப்போடு.

ஒருங்கிணைப்பாளர் சின்னராசு
மீகூன் பொட்டலத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.
'பட்டியில நிம்மதி இருக்கா டீச்சர்?'
'இல்ல சார். ஆனா சான்று இருக்கு.'
'உணர்வே தப்புன்னா சான்று எதுக்கு?
சரி, அதுக்கு வேணும்னா ஒன்னு போடுங்க.'

ஒன்று போட்டேன்.

மாலைப் படகில் பட்டர்வொர்த் திரும்பும்போது
கடல் ஏதோ ஒரு உணர்வை வெளிப்படுத்தியது.
நான் கவனிக்கவில்லை.

அவர் ஜொகூருக்குப் போய் நான்கு வருடம்.
போன வாரமே வந்துவிட்டார்கள்,
அவருடைய அக்கா, கீழ்வீட்டு ரேணுகா,
பள்ளி நிர்வாகி, பிஸ்கட் டின்னோடு ஒரு மாமி.
என் முகத்தைப் பார்த்து எல்லோரும்
சோகம் என்றே எழுதிவிட்டுப் போனார்கள்.
நானும் திருத்தவில்லை.

அவருக்குக் காற்று ஆகாது.
காற்றாடி எப்போதும் இரண்டாம் எண்ணில்தான்.
ஏப்ரல் புழுக்கத்திலும்
முதுகில் ஒட்டிய ரவிக்கையோடு படுத்திருக்கிறேன்.
எழுந்து போய் விசையைத் தொட்டால்
தூக்கத்திலும் 'சளி பிடிக்கும்' என்பார்.

அவர் போன இரவு
ஐந்தில் வைத்தேன்.
அதற்குப் பிறகு மாற்றவே இல்லை.
ஏன் என்று எந்தத் தாளிலும்
யாரும் கேட்டதில்லை.

இப்போதும் ஐந்தில்தான் சுற்றுகிறது.
மின்கட்டண ரசீது மேசையிலிருந்து பறந்து
கட்டிலுக்கடியில் போய்விட்டது.
கிடக்கட்டும்.

கட்டு நாளை பத்து மணிக்குத்தான்
மேலாய்வுக்குப் போகும்.
திருத்தத்தை அடித்துத் திருத்தினால்
பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி.

கைப்பேசியை எடுத்து
ஏழு மணிப் படகுக்கு
அலாரம் வைத்தேன்.