நடுக்கோடு

இரவு ஷிப்ட் பேருந்துக்கு நிற்கையில்
தலைக்கு மேல் ஒரேயொரு முறை
"வக்."
அவ்வளவுதான். எங்கிருந்தும் மறுகுரல் இல்லை.

அண்ணாந்தேன்.
கழுத்தைக் கூட்டிலேயே மறந்துவிட்டு வந்ததுபோல் ஒரு பறவை,
வாலுக்கு வெளியே கால்விரல்கள் மட்டும் எட்டிப் பார்க்க
கெம்ச்சியின் சேற்றுக் கரைக்கு இறங்கியது.
வெள்ளைக் கொக்குகள் அப்போதுதான்
சைப்ரஸ் மரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.
அவற்றுக்கும் ஷிப்ட் மாறும் நேரம்.

"வைராவோ. பார்க்காதே" என்றாள் ஒதிலியா வென்சூர்.
சூனியக்காரர் ஏவிவிடும் இராக்கொக்காம்;
எந்தக் கூரைமேல் கத்துகிறதோ
அந்த வீட்டில் சவப்பெட்டிக்கு அளவெடுக்கலாமாம்.
பேருந்துக்கும் கூரை உண்டு. ஒன்றும் ஆகவில்லை.
சால்மன் ஆலையில் முள்ளெடுக்கும் வரிசையில்
விடியும்வரை நின்றோம்.

நோட்டில் நடுக்கோடு கிழித்தேன்.
இடப்பக்கம்: கறுப்புத் தொப்பி, சாம்பல் இறக்கை, சிவந்த கண்,
பிடரியில் இரண்டு வெண்சரம்,
ஊசியில் கோக்க மறந்த நூல்.
வலப்பக்கம்: பழுப்பு, மார்பெல்லாம் கீற்று,
முதுகில் மாவு தெறித்த புள்ளிகள், மஞ்சள் கண்.
பெயர் தெரியவில்லை. 'மற்றது' என்று எழுதினேன்.
மூன்று குளிர்காலம்:
மற்றது நான்கு. மற்றது ஏழு. மழை, மற்றது இல்லை.

அவை பகலில் உறங்கும் மரத்தடியில் படகு கட்டி
எச்சத்தைச் சுரண்டியே அலுத்த ரெமிஹியோ
இரண்டு பக்கத்தையும் ஒரே வசையால் திட்டுவார்.
அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒரு விடியலில், துறைவிளக்கின் கீழே, ஒன்று.
நின்றது. நான் ஒரு சிகரெட்டை முடித்தேன்.
இன்னும் நின்றது.
பிறகு அலகு நுனியை மட்டும் நீரில் நடுக்கியது,
விழுந்த பூச்சி துடிப்பதுபோல.
என்னவென்று பார்க்க வந்தது ஒரு மீன்.
அதற்குமேல் அந்த மீனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விழுங்கிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தேன்:
பழுப்பு உடம்பு, ஆனால் தொப்பி கறுக்கத் தொடங்கியிருந்தது.
கீற்றுகள் பாதி அழிந்திருந்தன.
கண் மஞ்சளுமில்லை, சிவப்புமில்லை, ஆரஞ்சு.
நோட்டைத் திறந்தேன்.
இடப்பக்கம் கொண்டுபோனேன், வலப்பக்கம் கொண்டுபோனேன்,
எங்கும் உட்கார மறுத்தது.
குளிரில் பேனா எழுதவில்லை;
வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருக்கையில் உறைத்தது.
மூன்று வருடமாகக்
குஞ்சுகளைத் தாய்தகப்பனிடமிருந்து பிரித்து
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாப் பக்கத்தையும் மறுபடி கூட்டினேன்,
விரலிடுக்கில் செதிலோடு.

மறுநாள் மாலை பேருந்து ஏறும்போது
மேலே, "வக்."
ஒதிலியா தலை தூக்கவில்லை.
"எத்தனை?" என்றாள்.
"ஒன்று."
"சரி, எழுதிக்கொள்" என்றாள்,
நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டபடி.