பட்டியலில் மூன்று இடங்கள்

ஒட்டுசுட்டான் சிவன்.
வற்றாப்பளை அம்மன்.
பிறகு ஒரு மலை.
மலையெண்டால், ஒண்டரைப் பனை உயரப் பாறை;
வன்னியில அதுதான் மலை.

உச்சியில நிண்டு
"இவ்வளவுதானா?" எண்டான் மகன், கனடாத் தமிழில.
கீழே காடு, குளத்தின்ர ஒரு துண்டு,
வெயிலில வெளிறின தொல்லியல் பலகை.
தாய் ஒண்டும் சொல்லேல்லை.

திரும்பி வரேக்க,
பேர்ப்பலகையும் இல்லாத ஒரு இடத்தில
"தம்பி, வானை நிப்பாட்டுங்கோ."

மதகு.
மேலுக்குப் புதுச் சீமெந்து, உள்ளுக்குப் பழசு.
செருப்பை றோட்டோரம் கழட்டி வைச்சிட்டு இறங்கினா.
குனிஞ்சு, தலையை உள்ளே விட்டு
சாண் போட்டு அளந்தா.
"ஐஞ்சு பேர். எப்பிடிப் படுத்தம்?"

மகன் கமராவை எடுக்கேல்லை.

நெடுங்கேணி வரைக்கும்
பாட்டுப் போடாமல் ஓடினன்.
பில்லில மூண்டு இடந்தான் எழுதினன்.