மூன்று கால்

கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி நின்றுவிட்டது.
அந்தப் பக்கம் டில்லிபாபு,
அவன் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தெர்மக்கோல் பெட்டி,
அதற்குள் முயல்.

முயல் என்றால் முயலில்லை.
எந்த ஊர்க் கூண்டிலோ கீரை தின்றுகொண்டிருந்த ஒன்றின்
ரத்தத்திலிருந்து பிரித்த நூறு மைக்ரோலிட்டர்.
போலியோவுக்குச் சொட்டு விடுகிறார்களே, அவ்வளவு.
விலை, என் ஒன்றரை மாத உதவித்தொகை.

"ஐஸ் ஒழுவுது மேடம், பேன்ட்டெல்லாம் ஈரம்.
டேங்கரை எண்ணிக்கினு இருக்கேன், நாப்பத்தொண்ணு ஆச்சு."
வெள்ளைக் கோட்டோடு ஓடினேன்.
இரண்டு டேங்கர்களுக்கு நடுவே, கொக்கிக்கு மேலாக
கைக்குழந்தையை நீட்டுவதுபோல் நீட்டினான்.
"உள்ள இன்னா?"
"முயல் ரத்தத்துல எடுத்தது."
"பிராட்வேல ஞாயித்துக்கெழம ஜோடியே ஐந்நூறு ரூவா மேடம்.
உசுரோட."

செல்லின் மேல்பரப்பில் ஓர் ஏற்பி இருக்கிறது.
வளரு என்று வெளியே யாராவது சொன்னால்
உள்ளே போய்ச் சொல்லும்.
சில செல்களில் அது கூடிப்போய்
யாரும் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருக்கும்.
அதில் ஒரு துண்டை மட்டும் செய்து
முயலுக்கு ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள்.
முயல் அதைப் பகை என்று படித்துக்கொண்டது.
முயல் போன பிறகும்
படித்ததை ரத்தம் மறக்கவில்லை.

எங்கள் குடுவையில் வளர்கிற செல்கள்
யாரோ ஒருத்தியின் மார்பிலிருந்து வந்தவை.
அவள் பெயர் என்னிடம் இல்லை.
முயலின் பெயரும்.
குப்பியில் லாட் எண் இருக்கிறது.

ஒன்றுக்கு இருநூறு கலந்து
இரவெல்லாம் நாலு டிகிரியில் வைத்தேன்.
காலையில் மூன்று முறை கழுவல்.
அடுத்தது ஆடு.
சிரிக்காதீர்கள், முயலைக் கண்டால் பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடி
ஆட்டில்தான் எடுக்கிறார்கள்.
அதன் முதுகில் ஒரு நொதி,
நொதிக்கு ஒரு சாயம்,
பிறகு பழுப்பு.

மைக்ராஸ்கோப்பில் வட்டமாய் வெளிச்சம், பௌர்ணமி.
கறை இருந்தது!
செல்லுக்குச் செல் ஓரத்தில் மட்டும்,
காசிமேட்டில் காயப்போட்ட வலை மாதிரி
கண்ணி கண்ணியாக.
நசீமா மேடம் பின்னால் வந்து நின்று
"படம் எடு" என்றார்.
கட்டுரையில் இரண்டாம் படத்தின் இடம்
நாலு மாதமாய் வெறும் கட்டம்.

எடுத்தேன். பதினோரு படம்.

அப்புறம்தான் அந்த இன்னொரு ஸ்லைடு.
ஏற்பியின் மரபணுவையே வெட்டி எறிந்த செல்கள்.
அங்கே முயலுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை,
ஒன்றும் தெரியக் கூடாது.

அங்கேயும் வலை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள்.
இந்த முயலுக்கு நிஜமாகவே மூன்றுதான்.
உண்டிவில் கவட்டை போல வரைந்திருக்கும் புத்தகத்தில்,
பிடிக்க இரண்டு, நிற்க ஒன்று.
இரண்டாலும் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிறது.
நான் கேட்டதை அல்ல.

கேட்டில் நின்ற நேரமா,
கழுவியது போதவில்லையா,
அந்த முயலே எல்லாவற்றையும் பகை என்று நினைக்கிற ஜாதியா?
பதினோரு படமும் கணினியில் இருந்தன,
அழகாகவே இருந்தன.
இரண்டாவது ஸ்லைடை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

சாயங்காலம் டில்லிபாபு போன் பண்ணினான்,
கையெழுத்து ஒன்று விட்டுப்போயிற்றாம்.
"முயலு வேல செஞ்சிச்சா மேடம்?"
"செஞ்சுது. எல்லாத்து மேலயும்."
"அப்ப நல்லதுதானே?"

மேடம் அறையில் இன்னும் விளக்கு எரிந்தது.
போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.

இன்று ஒன்றுக்கு ஆயிரம்.
கழுவல் ஐந்து முறை.
தண்டையார்ப்பேட்டைப் பக்கம் எங்கோ டேங்கர் வண்டி இழுபடும் சத்தம்,
மேசையில் இரண்டு ஸ்லைடுகள்.
முதலில் எடுத்து வைக்கிறேன்
ஒன்றும் தெரியக் கூடாததை.