கசிவு

ருவைஸில் என் வேலை ஹைட்ரஜனை மோப்பம் பிடிப்பது.
குழாய் மூட்டு, வால்வுக் கழுத்து, கம்ப்ரஸர் ஸீல்,
எல்லாவற்றின் கீழும் டிடெக்டரை நீட்டி
எண்ணை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.
எரிந்தால் பகலில் அதன் தீ தெரியாது.
முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்:
துடைப்பத்தை முன்னால் பிடித்து நட,
துடைப்பம் பற்றிக்கொண்டால் நில்.

அறையில் வேறொரு பட்டியல் வைத்திருக்கிறேன்.
வானத்தைக் கட்டம் கட்டமாக நறுக்கிய எக்ஸெல் தாள்.
யாரோ வருடக்கணக்கில் அளந்து
பொதுவில் போட்ட ஹைட்ரஜன் ஒளி வரைபடத்திலிருந்து
கட்டத்துக்கு ஓர் எண்ணாக இறக்கி நிறம் பூசினேன்.
அதிகமென்றால் செங்கல், குறைந்தால் ரோஜா,
இன்னும் குறைந்தால்
மெஸ் டீயில் பால் விழும் முதல் நொடி.
வெள்ளையாக விட்டவற்றை நான் நம்புவதில்லை.

ஓரியனின் நடுவை எல்லோரும் எடுத்தாயிற்று.
எனக்கு வேண்டியது மிருகசீரிடத்தைச் சூழ்ந்த வளையம்,
அதற்கும் வெளியே, கிழக்கில்,
கரை உடைந்து ஒழுகியதுபோல் ஓர் இழை.
கட்டம் 417. மதிப்பு நான்கு.
ஐந்தைந்து நிமிடமாக எழுபது படம் எடுத்தால் வரலாம்.

தாளில் அமாவாசைக்குப் பக்கத்தில்
ஷட்டவுன் தேதிக்கும் ஒரு பத்தி உண்டு.
எங்கள் யூனிட் நின்றால்
வடக்கு அடிவானத்தின் மூன்று ஆரஞ்சில் ஒன்று குறையும்.
பிளானிங் ரெய்னால்டோ சிரித்தான்:
ஷட்டவுனில் லீவா, அதுவும் கேஸ் டெஸ்டருக்கா?
ஒரே ஒரு ராத்திரி என்றேன்.
எதற்கென்று சொல்லவில்லை.

லிவாவைத் தாண்டி, டயர் காற்றைப் பாதி இறக்கி
குல்ஸமான் மணல்மேட்டில் ஏற்றினான்.
துருவ நட்சத்திரத்துக்கு மவுண்ட்டை நேர்செய்ய ஒரு மணி நேரம்.
முதல் படத்தில் கறுப்பும் சில புள்ளிகளும்.
எட்டிப் பார்த்து, ஒன்றுமில்லையே என்று
போர்வைக்குள் திரும்பிவிட்டான்.
குனிந்தபோதுதான் கவனித்தேன்,
சட்டைப் பையில் டிடெக்டரைக் கழற்ற மறந்திருக்கிறேன்.
தலைக்கு மேல் அத்தனை ஹைட்ரஜன்.
பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி
பூஜ்யம், பூஜ்யம் என்றது.

இரண்டே முக்காலுக்கு மூடுபனி வந்தது.
முதலில் லென்ஸ் வியர்த்தது,
பிறகு குல்ஸமானின் ஹைலக்ஸே காணோம்.

முப்பத்தொரு படங்களை அடுக்கி இழுத்துப் பார்த்தேன்.
வளையம் இருக்கிறது, சந்தேகமில்லை.
இழை?
கண்ணைச் சுருக்கினால் உண்டு,
நேராகப் பார்த்தால் லென்ஸ் தூசு மாதிரி.

417க்கு நிறம் பூசவில்லை.
எதிரே எழுதினேன்:
இருக்கிறதுபோல் இருக்கிறது.
மீதி முப்பத்தொன்பது, ஜனவரி.
அதற்குள் ஃபிளேர் மறுபடி எரியும்,
வடக்குக்கு முதுகு காட்டி
ஹைலக்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டும்.