நானூற்றெட்டு கிலோ

ஆறு பேர் அல்லது நானூற்றெட்டு கிலோ
என்று எழுதியிருக்கிறது
அங்கேரிபாளையம் ரோட்டில், நாங்கள் போகப்போகும்
இரண்டு ரூம் வீட்டின் லிப்டில்.
அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து
எதைத் தூக்கினாலும் எடை கேட்கிறார் இவர்.

இந்த வீட்டில் யாரும் எடை கேட்டதில்லை.
வந்தது வந்தபடி அட்டாலி ஏறிக்கொண்டது.
பதினொரு குத்துவிளக்கு.
பத்து, சீரில் வந்தவை. ஒன்று நாங்கள் வாங்கியது,
எது என்று தெரியவில்லை.
மூடி தொலைந்த போசிகளையும்
போசி தொலைந்த மூடிகளையும்
ஒட்டுக்கா பரப்பி மத்தியானம் வரை பார்த்தேன்.
ஒன்றுகூடப் பொருந்தவில்லை.
ஓடாத மிக்ஸி மூன்று.

அதெல்லாம் ஒரு நாள் வேலை.
மச்சு ரூம்தான்.

டென்மார்க் ஆர்டர். மூவாயிரத்து எண்ணூறு பீஸ்.
நாலு வயசுக் குழந்தை போடுவது,
நெஞ்சில் மான், மானுக்குச் சிவப்பு மூக்கு.
கை அரை இஞ்ச் குறைகிறதென்று
கப்பல் ஏறாமல் நின்று பதினாறு வருஷம்.
விலை வரட்டும் என்றார்.
எலிதான் வந்தது.
மானை வைத்து வண்டி துடைத்தோம்,
அடுப்பிலிருந்து சுடுபோசி இறக்கினோம்,
பொடக்காணியில் மானை விரித்துத்தான்
தெருநாய் ஐந்து குட்டி போட்டது.
அப்படியும் ரூம் குறையவில்லை.

செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
அந்த அரை இஞ்ச் என் கை வழியாகப் போனதென்று
இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.
சொல்லாமல் இருந்ததுமில்லை.

காதர்பேட்டை ஜபருல்லா வந்தார்.
சாக்கைப் பிரித்து ஒன்றை உதறினார்,
தும்மினார், கழுத்து டேப்பை எடுத்துக்
கையில் வைத்தார், மறுபடி வைத்தார்.
"கை எவ்வளவு கேட்டாங்கக்கா?"
பதினாலு என்றேன்.
காகிதம் பார்க்க வேண்டியதில்லை எனக்கு.
"பதினாலு இருக்குதுங்களே."
இன்னொன்று எடுத்தார். அதிலும் இருந்தது.

"பனியன் துணி, நாள்பட இழுத்திருக்கும்"
என்றார் இவர், சாக்கைப் பார்த்து.
இருக்கலாம்.
இருக்கலாம்தான்.

கிலோ இருபத்திரண்டு ரூபாய் மேனிக்கு
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
லிப்டே தூக்காது.
டெம்போ திரும்பும்போது தார்ப்பாய் விலகி
ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது.

ராத்திரி பீரோ துணிகளைக் கட்டும்போது
ஒரு மானை மடித்து
என் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.
நூற்றைம்பது கிராம் இருக்கும்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
எடை கேட்கவில்லை.