நூற்றிப்பத்தாம் பக்கம் வரை

பல்லடத்தில் பழைய பேப்பர் கடை
எடைத்தட்டிலிருந்து எடுத்தது.
அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும்.
இரண்டு சூரியன் காயும் ஊரில்
ஒரே கட்டளை:
பிறர் நிழலை மிதித்தால்
அவருக்கு ஓர் உண்மை கடன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.
தறிக்கூடத்தில் டியூப்லைட் ஒன்பது,
ஆளுக்கு ஒன்பது நிழல்.
எங்கெ காலு வெக்கறதுங்க?

துளசிமணியிடம் சொன்னேன்:
உன் தூக்குப்போசியைக் கவிழ்த்தது பூனையல்ல.
முதலாளியிடம்:
நாலாம் தறியில் இழை விட்டதை
மடித்து மறைத்தது நான்.
அரைநாள் கூலி போனது.

"கதைப் பொஸ்தகத்தப் போயி
ஆராச்சும் கும்புடுவாங்களா?"
மேஸ்திரி அத்தப்பன் சிரித்தார்.

இதே வீதியில் ஒரு காலம்
எங்கள் நிழல் பட்டால்
அவர் வீட்டில் தலை முழுகுவார்களாம்.
அதுவும் எவனோ கட்டிய கதைதான்.
அதற்கும் அட்டை இல்லை.

நேற்று மத்தியானம் டீக்கடை வாசலில்
அவர் நிழலின் தோளில்
என் இடது கால்.
தெரியாமல் வைத்தேன் என்று சொன்னால்
அது இன்னொரு கடன்.

சொன்னேன்.
டீ ஆடை கட்டும்வரை
இருவரும் நகரவில்லை.
வெயில்தான்
நிழலைக் கொஞ்சம்
நகர்த்திக்கொண்டிருந்தது.